ஆல்வின் வெட்டிய நான்கு விநாடிகள்

ஆல்வின் கபடியைக் குப்புறப் படுத்துத்தான் படம் எடுப்பார். விரிப்பின் மூலைக்கு வெளியே, கோட்டு நடுவரின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, கேமராவைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு கிடப்பார். அங்கிருந்து பார்த்தால் பாடி வருகிற பெண்ணின் பாதம் திரையை அடைத்துக்கொள்ளும். முகம் அதற்குப் பின்னால், மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல உயரத்தில் தெரியும். வெளியூர்க் கல்லூரிகளில் யாராவது வந்து, "யோவ், எழுந்திரு, மிதிச்சிடப் போறாங்க" என்று விரட்டுவார்கள். இவர் நகரமாட்டார். இரண்டு முறை மிதித்தும் இருக்கிறார்கள். இடது கை மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்காது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் அவருடைய பதவி 'விளையாட்டுத் துறை ஒளிப்பதிவாளர், தற்காலிகம்'. நான் அங்கே ஆங்கிலம் நடத்துகிறேன். கல்லூரியின் யூடியூப் பக்கத்தில் போடும் விளையாட்டுப் படங்களுக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓட வேண்டும் என்று முதல்வர் விரும்பியதால், செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணிக்கு மேல் அவருடைய அறைக்குப் போவேன். அறை என்பது விளையாட்டுச் சாமான் கிடங்கின் பின்பாதி. கிழிந்த கைப்பந்து வலைகளுக்கு நடுவே ஒரு கணினி, இரண்டு நாற்காலி. வீராங்கனைகள் பேசுவதை அவர் ஓடவிடுவார், நான் கேட்டு எழுதுவேன். இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்ததில் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்த ஊர் பேரணாம்பட்டு. அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் ஈரத்தோல் தூக்கியவர். ஆல்வின் பதினேழு வயதில் ஆம்பூர் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கச் சேர்ந்து, பிறகு பதினான்கு வருடம் கல்யாண வீடியோ எடுத்தார். முகூர்த்தம், நிக்காஹ், சர்ச் கல்யாணம், எல்லாமே. அந்தத் தொழிலுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டில் நடக்கிற நல்ல காரியத்தில் எது தவறிப் போனாலும் வீடியோவில் அது தவறக் கூடாது. ஆரத்தித் தட்டு கவிழ்ந்தால், மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டுக் கத்தினால், யாராவது மயங்கி விழுந்தால், கேமராவை உடனே பூ அலங்காரத்துக்குத் திருப்ப வேண்டும். மீறிப் பதிந்தது இருந்தால் வெட்ட வேண்டும்.

ஒரே ஒருமுறை அவர் அதை மறந்துவிட்டார். வாணியம்பாடி ரோட்டில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் குத்துவிளக்கின் ஒரு முகம் அணைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை, வீடியோவில் இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்தார்கள்.

"விளக்கு அணைஞ்சதுக்கு நான் இன்னா சார் பண்றதுன்னு கேட்டேன் மேடம். அணைஞ்சது தப்பில்லையாம். அத நான் வெச்சிருந்ததுதான் தப்பாம். எட்டு மாசமா ஊட்டுக்குள்ளயே அந்த வீடியோ இருந்துச்சே, அதான் இழுத்துனு போச்சுன்றாங்க."

கணினித் திரையை உடைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவருக்கு இரண்டு பழக்கம். கெட்டது எதுவானாலும் கை தானாகவே கேமராவைத் திருப்பிவிடும். வெட்டி முடித்த அன்றே மெமரி கார்டைத் துடைத்துவிடுவார். மூலப் படம் என்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. கொரோனாவில் கல்யாணங்கள் நின்றபோது உடற்கல்வி இயக்குநர் காசி சார் அவரைக் கல்லூரிக்கு அழைத்துவந்தார். இரண்டு பழக்கமும் கூடவே வந்தன.

தமிழினி மூன்றாம் ஆண்டு பி.காம். மாதனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அம்மா சம்பூர்ணம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு; காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கபடியில் தமிழினி பாடிப் போகிறவள். எதிர்ப்பக்கம் போய் 'கபடி கபடி' என்று மூச்சு அறாமல் சொல்லிக்கொண்டே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவளைப் பற்றி ஒரு தனிப்படம் எடுத்துப் போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்கு விண்ணப்பத்தோடு அனுப்பலாம் என்பது காசி சாரின் யோசனை.

ஆகஸ்டில் ராணிப்பேட்டையில் நடந்த ஆட்டத்தின் படத்தை ஒரு வெள்ளிக்கிழமை ஓடவிட்டோம். தமிழினி பாடிப் போகிறாள். பதினேழாவது விநாடியில் பாட்டு நின்றது. அவளும் நின்றாள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் இது ஏதோ தந்திரம் என்று நினைத்துக் கையை விரித்தபடி அப்படியே நின்றார்கள். நடுவர் ஊதினார். திரும்பி வந்தவளிடம் அணிப் பெண்கள், "இன்னாடி, தம் பத்தலையா?" என்று சிரிப்பது கேட்டது.

மைதானத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவுதான். தரையில் கிடந்த கேமராவுக்கு அதற்கு மேலும் தெரிந்தது. ஆல்வின் மெதுவாக ஓடவிட்டார். அவள் கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையின் விரல்கள் கால்சட்டையின் ஓரத்தைப் பற்றிப் பற்றி இழுத்தன, துணியில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல. வாய் எதையோ ருசி பார்ப்பதுபோல அசைந்தது. தலை கொஞ்சம் திரும்பியது. பிறகு அவள் தன் நினைவுக்கு வந்துவிட்டாள். நான்கு விநாடி.

"இன்னா மேடம் இது?" என்றார் ஆல்வின். "பயந்துட்டாளா?"

"பயந்த முகம் மாதிரியா இருக்கு?"

அவர் ஆறு முறை ஓடவிட்டார். ஏழாம் முறை, "இது வேணாம்" என்று சொல்லி, அந்த நான்கு விநாடியை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி, மேலே கூட்டத்தின் சத்தத்தை இழுத்துப் போட்டார். இப்போது திரையில் அவள் நிற்கவே இல்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஏன் வேணாம் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவளுடைய கால்களைவிட முகத்தை அதிகமாக எடுத்தார். செப்டம்பரில், காலைப் பயிற்சியில் இரண்டு முறை வந்தது. ஒன்று ஐந்து விநாடி, இன்னொன்று ஏழு. இரண்டாவது வந்த அன்று மாலையே அவளைக் கூப்பிட்டார். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது.

"இன்னாண்ணா, மறுபடியும் பேட்டியா? எனக்குப் பிடிச்ச சாப்பாடு, பிடிச்ச ஹீரோ எல்லாம் நேத்தே சொல்லிட்டேன். இன்னும் ரேஷன் கார்டு நம்பர்தான் பாக்கி."

"அது இல்ல தமிழு. இதப் பாரு."

கேமராவின் சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் பாக்கமாட்டேன். அழிச்சிடுங்க."

"எத்தினி நாளா இருக்குது?"

"பத்தாவது படிக்கசொல்லவே. அப்போ கம்மி, வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு. இப்போ ஜாஸ்தியாயிடுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பால் பொங்கி வழியும், பக்கத்துலயே நின்னுனு இருப்பேன். 'எவன நெனச்சுனு நிக்கிற?'னு திட்டும். அவ்ளோதான் தெரியும்."

"டாக்டராண்ட காட்டிடலாம்மா. எங்கூட்ல நர்சுதான். கூட வருவாங்க."

"வேணாண்ணா." குரல் இறங்கியது. "பேரு ஒண்ணு வெச்சிடுவாங்க. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு வெச்சாங்க. இப்போ அதக் கிணத்துப் பக்கம் விடறதில்ல, அடுப்புப் பக்கம் விடறதில்ல, கல்யாணத்துக்குக் கூப்புடறதில்ல. அந்தப் பேரு எனக்கு வந்துச்சுன்னா கிரவுண்டும் இல்ல, போலீஸும் இல்ல. அம்மா சாவற வரைக்கும் அந்த வேன்ல ஏறும். தேர்வு முடியட்டும். அதுக்கப்புறம் நானே போறேன். சத்தியமா."

ஆல்வின் கேமராவை மூடினார். கல்யாண வீட்டில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் அவர் அழித்திருக்கிறார். அன்று இரவு மனைவி ரெனிட்டாவிடம், எங்கோ பார்த்ததுபோல விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ரெனிட்டா பதினோரு வருடமாக வார்டில் இருப்பவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "விரல் துணியப் பிடுங்குச்சா? வாய் மென்னுச்சா? அப்போ அது வலிப்புதான். யாருங்க அது? உடனே நியூரோவுல காட்டச் சொல்லுங்க. சும்மா வுட்டா ஒருநாள் பெருசா வந்துடும்" என்றாராம்.

"தெரிஞ்சவங்களா?" என்று ரெனிட்டா கேட்டதற்கு, "இல்ல, சும்மா ஒரு வீடியோ" என்று சொல்லிவிட்டார். எனக்கு இதைச் சொன்னது எல்லாம் நடந்த பிறகு. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கேமராவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் படம் வெளியானது. பன்னிரண்டு நிமிடம். ஆல்வின் அதுவரை எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு பெண் பாடிக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான் படம். பாலாற்று மணலில், கல்லூரி மைதானத்தில், ராணிப்பேட்டையில், ஒரு மூச்சு இன்னொரு மூச்சில் போய்ச் சேருகிறது, எங்கேயும் அறவில்லை. அடியில் ஓடிய ஆங்கிலம் என்னுடையது. ஒரு வாரத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். 'இந்தப் பொண்ணு எங்கயும் நிக்கவே மாட்டா போல' என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். ஆல்வின் அதைப் படித்துவிட்டுக் கணினியை அணைத்தார்.

மூன்று வாரத்தில் தேர்வுக்கான கடிதம் வந்தது. வியாழக்கிழமை, சென்னை. காசி சார் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு துறை துறையாகப் போனார். "இருபது வருசத்துல இப்படி ஒரு லெட்டர் நம்ம காலேஜுக்கு வந்தது கெடையாதும்மா. படம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்காங்க. யோவ் ஆல்வின், உனக்குச் செலை வெக்கணும்யா."

ஆல்வின் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. பயிற்சி நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தில் வெறுங்கையோடு நின்று, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டுச் சத்தம் கொஞ்சம் இறங்கினாலும் அவர் தோள் நிமிரும்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் ஒரு போட்டி. இதற்குப் போக வேண்டாம் என்று ஆல்வின் காசி சாரிடம் சொல்லிப் பார்த்தார். "ஏன்யா?" என்று அவர் கேட்டதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. சம்பூர்ணம் அன்று ஓவர்டைமை விட்டுவிட்டு மகளின் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தார். நானும் போயிருந்தேன். வெயில் இல்லை, ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. "பாட்டு நல்லா கேக்குதே, வூட்ல இப்படி வாயத் தொறக்க மாட்டாளே" என்று சம்பூர்ணம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டு நின்றது.

எதிர்ப்பக்கத்துப் பெண்கள் இந்தமுறை காத்திருக்கவில்லை. ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், மூன்று பேர் மேலே விழுந்தார்கள். விசில். மூன்று பேரும் எழுந்தார்கள். தமிழினி எழவில்லை. முதுகு வில்லாக வளைந்து, குதிகால் விரிப்பை அடிக்கத் தொடங்கியது.

"சாவி குடுங்க! இரும்பு எதுனா குடுங்க!" என்று கத்தினார்கள். யாரோ மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். சம்பூர்ணம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அன்று மாலையே வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். செவ்வாய்க்கிழமை நரம்பியல் டாக்டர் கூப்பிட்டார். அவர் ஒடிசாக்காரர், தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. மொழிபெயர்த்துச் சொல்ல நான் உள்ளே போனேன். படம் எடுத்தவர் என்று ஆல்வினையும் வரச் சொல்லியிருந்தார்கள். தமிழினி நெற்றியில் ஒரு கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா.

மூளையின் மின்பதிவு சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். ஒரே ஒரு தடவை வந்த வலிப்பு என்றால் காரணம் பல இருக்கலாம். தலையில் அடி, தூக்கமின்மை. ஆனால் இதற்கு முன்னால் சின்னச் சின்னதாக வந்திருந்தால் கதையே வேறு. வந்திருக்கிறதா?

நான் தமிழில் கேட்டேன்.

"இல்ல" என்றாள் தமிழினி.

"அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க" என்று சம்பூர்ணம் கைபேசியை எடுத்தார். "டாக்டர் ஐயாகிட்டச் சொல்லுங்க மேடம், எங்க பொண்ண ஒரு லட்சம் பேரு பாத்துருக்காங்க. எல்லாம் இதுல இருக்குது. ஒரு இடத்துல நின்னுருக்குமா பாருங்க."

டாக்டர் பன்னிரண்டு நிமிடத்தையும் பார்த்தார். அவசரப்படவில்லை. இடையில் நிறுத்தி, இரண்டு இடத்தில் பின்னால் ஓட்டி, உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, இதில் தவறாக எதுவும் இல்லை, நன்றாக மூச்சு பிடிக்கிற பெண் என்றார். ஞாயிற்றுக்கிழமை படம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆல்வின் கேமராவைக் கொடுத்தார். அதை மட்டும் அவர் துடைக்கவில்லை, நேரமில்லை. தமிழினி பாடிப் போகிறாள், பாட்டு நிற்கிறது, இடுப்பில் ஒரு கை விழுகிறது. அடுத்த நொடி படம் சர்ரென்று மேலே போய் இடது பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு ஏரி. தண்ணீர், கரை, கரைமேல் நாலு பனைமரம், ஒரு கொக்கு. 'சாவி குடுங்க' என்ற சத்தம் கேட்கிறது, சம்பூர்ணத்தின் அலறல் கேட்கிறது, திரையில் தண்ணீர் மின்னுகிறது. ஒரு நிமிடம் பத்து விநாடி.

எதற்காக இவர் எனக்கு ஏரியைக் காட்டுகிறார் என்று டாக்டர் கேட்டார். என்னால் அதைத் தமிழில் சொல்ல முடியவில்லை. ஆல்வினுக்குப் புரிந்துவிட்டது.

"நான் திருப்பல மேடம்" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது. கையே திரும்பிடுச்சு."

டாக்டர் பேனாவை எடுத்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வீட்டுக்குப் போகலாம், மறுபடி வந்தால் பார்ப்போம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சம்பூர்ணம் கும்பிட்டார். தமிழினி மூச்சை விட்டாள். "வியாழக்கிழமை ஓடலாமான்னு கேளுங்க மேடம்."

"தமிழு" என்றார் ஆல்வின்.

அவள் அவரைப் பார்த்தாள். "அண்ணா. வேணாம்."

"முன்னாடி மூணு தடவ வந்துச்சு டாக்டர்" என்றார் ஆல்வின். நேராக அவரிடமே, தமிழில். "ராணிப்பேட்டையில நாலு செகண்ட். கிரவுண்டுல அஞ்சு, அப்புறம் ஏழு. எங்கிட்ட இருந்துச்சு. வெட்டிட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன். மூலப் படம் எங்கே என்று டாக்டர் கேட்டார். இல்லை. பிரதி? இல்லை. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, என்ன பார்த்தார் என்று சொல்லட்டும் என்றார். எந்தக் கை அசைந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது. அதுதான் முக்கியம். மூளையில் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அது சொல்லும்.

ஆல்வின் சொல்லத் தொடங்கினார், நின்றார். அவர் பார்த்தது எதிரிலிருந்து. தன் வலது கையைத் தூக்கினார், இடது கையைத் தூக்கினார், குழம்பினார். பிறகு எழுந்து, தமிழினி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய், அவள் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றார். கண்ணை மூடித் திறந்தார்.

அந்த நான்கு விநாடியை அவர் அங்கே செய்தார்.

கண் எங்கேயோ போய்விட்டது. வாய் எதையோ ருசி பார்த்தது. வலது கையின் விரல்கள் சட்டையின் ஓரத்தை இழுத்தன, விட்டன, இழுத்தன. மடங்காத விரல் இடது கையில், இது வேறு கை. தலை கொஞ்சமாக, யாரோ கூப்பிட்டதுபோல, இடது பக்கம் திரும்பியது. பிறகு ஐந்து விநாடி செய்தார். பிறகு ஏழு. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தது. ஏழில் விரல் கடைசிவரை ஓயவில்லை. ஆட்டத்தை எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் ஒரு மனிதனுக்கு இப்படி உடம்பில் பதியும் என்று எனக்குத் தோன்றியது.

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டார். "அடுப்பாண்ட அப்படித்தான் நிப்பா" என்றார் மெதுவாக. "அப்படியேதான் நிப்பா. நான் தோசைக் கரண்டியால அடிச்சிருக்கறேன்."

தமிழினி திரும்பி ஆல்வினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் எப்படி இருப்போம் என்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போதும் நிறுத்துங்க" என்றாள்.

டாக்டர் வேகமாக எழுதினார். நாளைக்கே ஸ்கேன் என்றார். இன்றிரவிலிருந்து மாத்திரை. கபடி கிடையாது, வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பில் தனியாக நிற்கக் கூடாது. தேதிகளைத் திரும்பக் கேட்டார். ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர். நான்கு விநாடி, ஏழு விநாடி, பிறகு பெரியது. ஆகஸ்டிலேயே மருத்துவமனைக்கு வந்திருக்கலாம் என்றார். அதை நான் தமிழில் சொல்லவில்லை. ஆல்வினுக்கு ஒரு வேலை சொன்னார். அடுத்த முறை வலிப்பு வரும்போது ஒருவர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். நேரத்தை வாய்விட்டு எண்ண வேண்டும். முடிகிற வரை நிறுத்தக் கூடாது, எங்கேயும் திருப்பக் கூடாது.

வெளியே, சாலையோரத்தில் ஆட்டோவுக்கு நின்றோம். மாலை ஐந்து மணிக் கூட்டம். சம்பூர்ணம் எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். தமிழினி ஆல்வினோடு பேசவில்லை. என் பக்கம் திரும்பி அவருக்குக் கேட்கும்படி பேசினாள்.

"வீடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய மூடினு இருந்திருந்தா நாளான்னிக்கு நான் மெட்ராஸ்ல இருப்பேன். அண்ணன்னு கூப்பிட்டேன் பாருங்க மேடம், என்னச் செருப்பால அடிக்கணும். இத்தினி நாளு எதுவும் சொல்லாம, கடைசியில வந்து அம்மா எதுர்ல, நாடகம் மாதிரி, எல்லாரும் பாக்க..."

வாக்கியம் அங்கே நின்றது.

அடுத்த வார்த்தையைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆல்வின் என்னைவிட முன்னால் பார்த்துவிட்டார். "மேடம், பிடிங்க" என்றார். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவர் கைபேசியை எடுத்தார்.

அந்தப் பதிவை டாக்டருக்காகப் பிறகு நான்தான் விநாடி விநாடியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தொடக்கத்தில் படம் அவள் முகத்திலிருந்து நழுவி, பக்கத்து ஜூஸ் கடைப் பலகைக்குப் போகிறது. சாத்துக்குடி, மாதுளை, விலை. ஒரு விநாடிக்கும் குறைவு. பிறகு ஆடிக்கொண்டே திரும்பி வந்து, அவளிடம் நிற்கிறது.

"ஒண்ணு" என்கிறார் ஆல்வின். "ரெண்டு. மூணு."

ஒரு பேருந்து எங்களை ஒட்டி ஊதிக்கொண்டு போனது. அவள் சாலையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். இழுத்துப் பிடித்தேன். அவளுக்குப் பலம் அதிகம். என் செருப்பு மண்ணில் சறுக்கியது.

"தமிழு, இங்கப் பாரு. அண்ணன் பேரு சொல்லு. எட்டு. என் பேரு சொல்லு தமிழு. ஒம்போது. பத்து."

எதிர்ப்பக்கத்திலிருந்து சம்பூர்ணம் மருந்துப் பையைத் தூக்கிக் காட்டி, இதோ வருகிறேன் என்பதுபோலச் சிரித்தார். அங்கிருந்து பார்க்கும்போது நாங்கள் மூவரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதுபோலத் தெரிந்திருக்க வேண்டும்.

"பதினெட்டு. பத்தொம்போது."

அவள் வலது கை என் புடவைத் தலைப்பின் ஓரத்தைக் கண்டுபிடித்தது. இழுத்தது, விட்டது, இழுத்தது. ஆல்வின் இன்னும் ஓரடி கிட்டே வந்து கைபேசியைத் தாழ்த்தினார், அந்த விரல்கள் தெரியும்படி.

"இருபத்தாறு" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் எண் விடுபடவில்லை. "இருபத்தேழு. விடாதீங்க மேடம். இருபத்தெட்டு."